ஆளு எறங்கும்போது

கையை எடுங்கண்ணா. அந்தச் சுவத்தைத் தொடாதீங்க.

கதவு தொறந்தா முன்னாடி சுவரு நின்னா யாருக்குமே பக்குனுதான் இருக்கும். எனக்குமே ஒரு கணம் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன். ஆனா வெசனப்படாதீங்க. மேல பாருங்க, நம்ம இடுப்புக்கு மேல இரும்புத் தகடு தெரியுதுங்களா? அது முதல் மாடியோட வெளிக்கதவு, பின்பக்கம். அதுக்குக் கீழ இருக்கறது வெறும் சுவரு. முதல் மாடியைத் தாண்டி, தரைக்கு வர்றதுக்குள்ள நின்னு போச்சு. அவ்வளவுதான் சமாச்சாரம். வெளிக்கதவைத் தொறக்கற சாவி அசோசியேசன் செக்ரட்டரி வீட்டுல இருக்குது. எடுத்தாறேன்னு வாட்ச்மேன் தங்கராசு சொல்லிப்போட்டுப் போனான்ல, இப்ப வந்துருவான். கதவு வெளிய தொறந்துச்சுன்னா ஒரு எக்கு எக்கினா ஏறிறலாம்.

என்னங்க? மேல பூச்சியம் காட்டுதுங்களா? ஆமாங்க, தரைத்தளம்னு காட்டுது. அது சும்மா காட்டுது. கரண்டு ஏறி எறங்கியிருக்கும். அந்த எண்ணைப் பாத்துப் பயப்படாதீங்க.

நீங்க வீடு பாக்க வந்தவருதானுங்களே? எட்டாவது மாடி, கிழக்குப் பாத்த வீடு. மகளுக்குங்களா? நல்ல வீடுங்கண்ணா. சாயந்திரமானா காத்து பிச்சுக்கிட்டுப் போகும். இந்த லிஃப்ட் ஒருக்கா நின்னுதுன்னு வீட்டை வேண்டாம்னு போடாதீங்க. நாலு வருசமா இங்க குடியிருக்கறேன், இப்பத்தான் முதல் தடவை. அதுவும் நீங்க நல்ல ஆளுகூடத்தான் மாட்டியிருக்கறீங்க. இந்த லிஃப்டோட மூளை இருக்குது பாருங்க, அதை எழுதுனவன் நான்.

சிரிக்காதீங்க, நெசந்தான். என் பேரு பத்ரசாமி. கணபதி ஏரியால லிஃப்டுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி பண்ற கம்பெனில இருக்கறேன். மோட்டாரு, கம்பி, கூண்டு எல்லாம் வேற ஆளுக வேலை. எப்ப ஏறணும், எங்க நிக்கணும், எப்பக் கதவைத் தொறக்கணும்னு நெனைக்கறது எங்க பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ள எல்லாத்துக்கும் அடியில ஓடறதுக்குக் கெர்னல்னு பேரு. மத்த கம்பெனிக்காரனுக வெளிய வாங்கிப் போடுவானுக. நான் ஒத்தை ஆளா எழுதுனேன். காலேஜ்ல கூப்பிட்டுப் பேசச் சொன்னாங்க, பசங்க எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. இம்புட்டுச் சின்னக் கெர்னலு, இம்புட்டு வேகம், எப்படிங்க சார்னு கேட்டாங்க.

எப்படின்னா, சொல்றேன் கேளுங்க. தங்கராசு வர்ற வரைக்கும் பொழுது போகணுமில்ல.

உள்ள ஒரே ஒரு பிராசசருதானுங்க. வேலை மட்டும் நாலஞ்சு. லிஃப்ட் எவ்வளவு ஒசரத்துல இருக்குதுன்னு கணக்குப் போடணும், கதவைப் பாக்கணும், எடையைப் பாக்கணும், மேல எண்ணைக் காட்டணும். ஒண்ணைப் பாதில நிறுத்திப்போட்டு இன்னொண்ணு, அதைப் பாதில நிறுத்திப்போட்டு மறுபடி இது. வேகமா மாத்தி மாத்திப் பண்றதால எல்லாம் ஒண்ணா நடக்கற மாதிரி நமக்குத் தெரியும். இப்ப வீட்டுல அண்ணி சாம்பாருக்கு உப்புப் போடறாங்கன்னு வெச்சுக்குங்க. ரெண்டு கரண்டி போட்டாச்சு. அப்பப் பாத்து வாசல்ல பால்காரன் கூப்பிடறான். போய்ப் பேசிப்போட்டு வர்றப்ப எத்தனை கரண்டி போட்டோம்கறது மனசுல அப்படியே இருக்கணும். பால்காரன்கிட்டப் பேசுன லிட்டர் கணக்கு வந்து உப்புக் கணக்கு இருந்த இடத்துல உக்காந்துட்டா என்னாகும்? சாம்பாரை வாயில வெக்க முடியாது.

பிராசசருக்கும் அப்படித்தான். கையில வெச்சுக்கற எண்ணுகளுக்குன்னு சின்னச் சின்ன அறைக இருக்குது, ரெஜிஸ்டர்னு பேரு. ஒரு வேலையை நிறுத்தறப்ப அந்த அறைகள்ல இருக்கறதை எல்லாம் எடுத்து ஒரு பக்கம் பத்திரமா வெக்கணும். அந்த வேலை திரும்ப வர்றப்ப எது எது எங்கெங்க இருந்துச்சோ அதது அங்கங்க வெச்சுக் கொடுக்கணும். நடுவால நிறுத்துனதே அந்த வேலைக்குத் தெரியக் கூடாது. கெர்னலோட பொழப்பே அதுதானுங்க. மத்தது எல்லாம் அப்புறம்.

அதுல ரெண்டு வகை அறை. முழு எண்ணுக்கு ஒண்ணு, ரெண்டு புள்ளி அஞ்சு மாதிரி புள்ளி வெச்ச எண்ணுக்கு ஒண்ணு. புள்ளி எண்ணு அறைக பெருசு. எடுத்து வெச்சுத் திருப்பி வெக்க நேரமாகும். இங்கதான் நம்ம சாமர்த்தியம். முறை வெச்சு மாத்தறப்ப எல்லாத்தையும் எடுத்து வெப்பேன். ஆனா குறுக்க கூப்பிடற வேலைக இருக்குது பாருங்க, நம்ம காலடியில எடை மாறுனா சென்சாரு சட்டுனு கூப்பிடும், அந்த மாதிரி வேலை, அது வந்த சுருக்குல போயிரும். அதுக்குப் போய் இத்தனை அறையையும் காலி பண்ணுவானேன்? முழு எண்ணை மட்டும் எடுத்து வெப்பேன், புள்ளி எண்ணை இருந்த இடத்துலயே விட்டுருவேன். குறுக்க கூப்பிடற வேலைல யாரும் புள்ளி எண்ணைத் தொடக்கூடாதுன்னு எல்லார்த்துகிட்டயும் வாயால சொல்லியிருக்கறேன். சொன்னாப் பத்தாதுங்களா?

பத்தாதுன்னா ஒரு அம்மிணி. ஜாஸ்பின்னு பேரு. நாகர்கோவில் பக்கம். போன வருசம் நம்மகிட்ட வேலைக்குச் சேர்ந்தா. அவளாலதான் எனக்கு இந்த ஒரு வருசமா நிம்மதியே இல்லீங்க.

திருப்பூருல ஒரு கட்டடம். கீழ்த் தளத்துல லிஃப்ட் வந்து நின்னு கதவு தொறந்திருக்குது. சிலிண்டர் போடற ஆளு, காலிச் சிலிண்டரை உருட்டி வெளிய தள்ளியிருக்கறான். இவன் ஒரு கால் வெளிய, ஒரு கால் உள்ள. லிஃப்ட் கொஞ்சம் நகந்துருச்சுன்னு சொல்றாங்க. கீழ. கால் மாட்டிக்கிச்சு. உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. பாதந்தான் எடுத்துட்டாங்க. நான் போய்ப் பாத்தேன், ரப்பர் செருப்பு, அடி தேஞ்சு வழவழன்னு இருக்குது. அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு யாருங்க சிலிண்டரு தூக்குவாங்க? அப்படித்தான் நான் எழுதிக் கொடுத்தேன். முதலாளியும் சரின்னுட்டாரு.

இவ மட்டும் விடல.

"கதவு தொறந்திருக்கும்போ லிஃப்ட் எதுக்கு சார் நகந்துது?"னு கேட்டா. நல்ல கேள்விதான். பதில் இருக்குது. கதவு தொறந்திருந்தா லிஃப்ட் நகரக்கூடாது, அதுதான் சட்டம். ஒரே ஒரு நேரம் மட்டும் நகரலாம். தளத்துல நிக்கறப்ப ஆளுக ஏறி எறங்குனா கம்பி இழுபடும். கூண்டு ஒரு விரக்கடை மேல கீழ போகும். வயசானவிய தட்டி விழக்கூடாதுல்ல, அதுக்காக அந்த ஒரு விரக்கடையைச் சரி பண்ண மெல்ல நகரும். கதவு தொறந்திருந்தா லிஃப்டை நகர விடாத சுவிட்சு எல்லாத்தையும் அப்ப மட்டும் சாஃப்ட்வேரே தாண்டிக்கும். நெசமாவே தளத்துலதான் நிக்குதான்னு பாக்க ஒவ்வொரு மாடிலயும் காந்தம் வெப்பாங்க. நம்ம லிஃப்டுல காந்தம் இல்ல. நான்தான் எடுக்கச் சொன்னேன். ஒசரம் கணக்குலயே அச்சரம் பிசகாம தெரியறப்ப காந்தம் எதுக்குங்க? அத்தனை காசு மிச்சம்னு முதலாளி நாச்சிமுத்தண்ணன் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு.

கொஞ்சம் நகந்து நில்லுங்கண்ணா, அந்த விளிம்புல வேண்டாம். வேர்த்துக் கொட்டுதே உங்களுக்கு. ஃபேன் ஓடுது, இந்தப் பக்கம் வாங்க. நீங்க உள்ளுக்குள்ள எங்க நின்னாலும் ஒண்ணும் ஆகாது. எடை அதேதானே.

எங்க விட்டேன்? ஆங், ஜாஸ்பின். ஒரு மாசம் அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுதா. ஒவ்வொரு அறைலயும் அடையாளத்துக்கு ஒரு எண்ணை வெச்சு, வேலை திரும்ப வர்றப்ப அதே எண்ணு இருக்குதான்னு பாக்கறாளாமா. போலீஸ் வேலை பாக்கற மாதிரி. ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுக் கூடைய தொறந்து வெச்சிருக்கறேன், ஓடியாறா.

"சார், ஒசரக் கணக்கு இருக்க வேண்டிய அறையில எடை இருக்கு சார்."

"எப்புடி?"

"எடைக்காரன் குறுக்க வந்து புள்ளி எண்ணு அறையத் தொடுகான் சார். நம்ம கெர்னல் அத எடுத்து வைக்கல்லலா. அவன் விட்டுட்டுப் போன எண்ணத்தான் ஒசரக் கணக்கு தன்னோடதுன்னு நெனச்சு எடுக்கு."

நான் சிரிச்சேன். எடை பாக்கற வேலைக்கு நான் எழுதுன கோடுல ஒரு புள்ளி எண்ணு கெடையாதுங்க. வரி வரியாத் தேடிப் பாத்தவன் நான். அதை அவகிட்டச் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுங்களா? நாம எழுதலைன்னாலும், எழுதுனதை மெசினுக்குப் புரியற மாதிரி மாத்தற கம்பைலர் தானா அந்த அறையை எடுத்துக்குதாமா. பெரிய அறையா இருக்குதேன்னு, ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு எண்ணைத் தூக்கிப் போட அதைப் பயன்படுத்திக்குதாமா. கம்பைலர் மாத்திக் கொடுத்த அந்த மெசின் கோடை விரிச்சு வெச்சுக் காட்டறா. சோத்துக் கையோட நான் அதை எங்க போய்ப் படிக்கறது? படிக்கலீங்க. எழுதுனவனுக்குத் தெரியாததா அதுல இருக்கப் போகுது?

அட, அவ சொல்றதே ஒரு பேச்சுக்கு நெசம்னு வெச்சுக்குவோம். அதுக்கும் நான் காவல் போட்டிருக்கறேன். ஒசரம் ஒரேயடியா நம்ப முடியாத அளவுக்கு மாறுச்சுன்னா கெர்னல் அதைத் தூக்கி வீசிரும். ஒசரம் சென்டிமீட்டருல, எடை கிலோவுல. அஞ்சாவது மாடில நிக்கற லிஃப்டுக்கு நூத்திநாப்பதுன்னு எண்ணு வந்தா, அது எங்கடா இங்க வந்துச்சுன்னு வீசிரும். அவகிட்டச் சொன்னேன். அவ இல்லைன்னு தலையை ஆட்டுனா.

"மேல உள்ளப்போ பயமில்ல சார். தரைக்குப் பக்கத்துல வரும்போதான் நம்பும். முதல் மாடி தாண்டி வரும்போ நூத்திநாப்பதுன்னு வந்தா, தரைக்கு இன்னும் அவ்வளவுதான்னு நெனச்சு, அந்தரத்துலயே நின்னு கதவத் தொறக்கும். தளத்துலதான் நிக்கேன்னு நெனச்சுக்கிட்டு நிக்கும். பொறவு ஒரு ஆளு எறங்குனா, உள்ள மிச்சம் நிக்கவரு எடை வரும். அத ஒசரம்னு நெனச்சு அவ்வளவும் கீழ போவும். கதவு தொறந்தபடியே."

அப்படியே ஒரு கதை மாதிரிச் சொல்றா பாருங்க.

என்னங்கண்ணா, விரல் விட்டு எண்ணறீங்க? நம்ம ரெண்டு பேரையும் கூட்டறீங்களா? நீங்க எழுபது இருப்பீங்க. நானும் எழுபது. அட, நீங்க வேற! அதெல்லாம் அவ வாய்க்கு வந்த ஒரு எண்ணு. நீங்க அதை இதோட சேத்து முடிச்சுப் போடாதீங்க.

அப்பறம் கேளுங்க. கம்பெனில சோதனைக்கோபுரம் இருக்குது. மண் மூட்டையை ஏத்தி எறக்கி நானே காட்டுனேன். ஒண்ணும் ஆகல. மறுபடி ஏத்துனேன், எறக்குனேன். லிஃப்ட் அசையல. எல்லாரும் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னாங்க. எங்கடி உன் பேயின்னு கேட்டேன். ஒசரக் கணக்குப் பாதில இருக்கற அந்த ஒரு நொடியில எடைக்காரன் வந்து குறுக்க விழுந்தாத்தான் நடக்கும், எப்பவாவது நடக்கும்னா. எப்பவாவதுன்னா எப்பம்மா, சொல்லுன்னேன்.

"எப்பன்னு சொல்ல முடியாது சார். ஆனா நடந்தா ஆளு எறங்கும்போதான் நடக்கும்."

எல்லா அறையையும் எல்லா நேரமும் எடுத்து வெக்கற மாதிரி கெர்னலை மாத்தி எழுதிக் கொண்டாந்தா. நாலு வரிதான். ஓட்டிப் பாத்தா என் வேகம் பாதியாப் போயிருக்குது. லிஃப்டுல ஏறறவிய யாருக்கும் தெரியாதுதான், ஒத்துக்கறேன். எனக்குத் தெரியுமில்ல? அந்த வேகத்துக்குத்தானுங்க காலேஜ்ல கை தட்டுனாங்க. அத்தனை வருசத்து உழைப்பு. அதுல நேத்து வந்த புள்ளை நாலு வரி சொருகுவாளாம், நான் பாத்துக்கிட்டு இருக்கணுமாம். வேண்டாம்னுட்டேன்.

நேரா முதலாளிகிட்டப் போயிட்டா. அவரு என்னைக் கூப்பிட்டு, "பத்ரா, நீ என்ன சொல்றே?"ன்னாரு. "புள்ளைக்கு அனுபவம் பத்தாதுங்கண்ணா. திருப்பூர் ஆளைப் பாத்துப் பயந்துக்கிச்சு"ன்னேன். அதுக்கு மேல அவரு ஒண்ணும் கேக்கல. மறு வாரம் அவளே வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துப்போட்டுப் போயிட்டா. நான் போகச் சொல்லலீங்க. அதைக் கெட்டியா நெனப்புல வெச்சுக்குங்க, நான் போகச் சொல்லல.

போறவ சும்மா போனாளா? நம்ம பெட்டி இருக்கற கட்டடமாப் பாத்துப் பாத்துப் போய், வாட்ச்மேனுககிட்ட எல்லாம், லிஃப்ட் அந்தரத்துல நின்னா மொட்டை மாடிக்குப் போய் மெயினை அணைச்சுப்போட்டுத்தான் ஆளை எறக்கணும்னு சொல்லிப்போட்டுப் போயிருக்கறா. எங்கிட்டயும் வந்தா. இதே கட்டடத்து வாசல்ல. நான் ஆபீஸுக்குக் கிளம்பறேன், ஸ்கூட்டி ஓரமா நின்னுக்கிட்டு இருக்கறா. கண்ணு செவந்து போயிருந்துச்சு.

"சார், நீங்களும் இதுலதான போறியோ. ஒண்ணு மட்டும் கேளுங்க. தரைக்குப் பக்கத்துல நின்னு போச்சுன்னா, முதல் ஆளா எறங்காதீங்க சார்."

திமிரைப் பாருங்க. நான் எழுதுன லிஃப்டுல எப்படி எறங்கணும்னு எனக்கே சொல்லிக் கொடுக்கறா. வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அந்த மூஞ்சி மறக்கல. ஒவ்வொரு தடவையும் இதுல ஏறறப்ப காதுல வந்து நிக்குது அவ சொன்னது. என்ன பொழப்பு பாருங்க, நான் பண்ணுன லிஃப்டுல நானே நிம்மதியாப் போக முடியல.

அந்தா, தங்கராசு வந்துட்டான். சாவி சத்தம் கேக்குதுங்களா? பாருங்க, வெளிச்சம் வந்துருச்சு. அப்பாடா. நான் சொன்னேன்ல. முதல் மாடித் தரை நம்ம இடுப்பு ஒசரத்துல இருக்குது, ஒரு எக்குத்தான்.

என்னப்பா தங்கராசு? மெயினா? எதுக்கு மெயினு? மொட்டை மாடிக்கு நீ படியேறிப் போய் அணைச்சுப்போட்டு வர்றதுக்குள்ள இந்த அண்ணனுக்கு மூச்சு முட்டிரும். அந்த அம்மிணி சொல்லுச்சா? அது எல்லார்த்துகிட்டயும் சொல்லுச்சு. நீ யாரு சொல்றதைக் கேப்பே, அது சொல்றதையா நான் சொல்றதையா? போகாதங்கறேன். நின்ன இடத்துலயே நில்லு. மண்டி போட்டுக் கையைக் குடு இவருக்கு.

நீங்க என்னங்கண்ணா அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க? அணைக்கட்டும்கறீங்களா? நான் இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? இப்ப மெயினை அணைச்சா நாளைக்கு இந்தக் கட்டடம் பூராவும், பத்ரசாமியே பயந்துக்கிட்டு அணைக்கச் சொன்னானாமான்னு பேசும். நாலாம் நாளு கம்பெனிக்குப் போகும். அவ காதுக்கும் போகும். இதுல பயப்பட ஒண்ணும் இல்லீங்க. நின்னு இம்புட்டு நேரமாச்சு, ஒரு நூல் அசைஞ்சுதுங்களா?

வாங்க. பையை எங்கிட்டக் குடுங்க. நீங்க முதல்ல ஏறுங்க. இல்ல இல்ல, நீங்கதான். அவ சொன்னதுக்காக இல்லீங்க. நீங்க விருந்தாளி, உங்களை உள்ள விட்டுப்போட்டு நான் முதல்ல போறது மரியாதையா?

ரெண்டு கையையும் அந்தத் தரைல ஊணுங்க. தங்கராசு, தோளைப் புடி. என் கை மேல காலை வைங்க, கூச்சப்படாதீங்க. அப்படித்தான். எக்குங்க. வயிறு வரைக்கும் மேல போயாச்சு பாருங்க. இன்னும் கொஞ்சம். காலை உதறாதீங்க, நான் தாங்கிக்கிட்டுத்தான் இருக்கறேன். இப்ப நான் கையை எடுத்துக்கறேன், நீங்களா முட்டியை மேல கொண்டாங்க.

டிக்குன்னு ஒண்ணு கேட்டுச்சுங்களா? அது ஒண்ணுமில்லீங்கண்ணா. உள்ள எடை கொறஞ்சுதுல்ல, லிஃப்ட் அதைக் கவனிக்குது.